வீட்டு போன் வயரும் பிராட்பேண்ட் வேகமும்: வாசல் பெட்டியிலிருந்து மாடியறை வரை

கும்பகோணத்தில் அப்பாவின் வீட்டு மாடியறைக்கு ஒரு காலத்தில் பேரலல் போன் (அதே லைனில் இன்னொரு கருவி) போட்டிருந்தோம். பாட்டி இருந்தவரை அது மணியடித்தது. அவர் போன பிறகு கருவி பரணில் ஏறியது. வயர் மட்டும் சுவருக்குள்ளேயே கிடந்தது. பல வருஷம் கழித்து ஏடிஎஸ்எல், அதாவது செப்பு போன் லைனிலேயே வரும் பிராட்பேண்ட் வாங்கினோம். 8 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 3-தான் வந்துகொண்டிருந்தது. மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்றாவது தடவை வந்த லைன்மேன் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். அதிகம் பேசவில்லை. திண்ணைக்கு மேலே இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியைத் திறந்தார், வீட்டுக்குள் போகும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டார், மோடத்தைக் கொண்டுவரச் சொல்லி நேராக அங்கேயே மாட்டினார். 8 வந்துவிட்டது.

"லைன் நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்க வீட்டு வயரைத்தான் பார்க்கணும்" என்றார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் அன்று ஐந்து நிமிஷத்தில் செய்ததைத்தான் இங்கே நீட்டி எழுதுகிறேன். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். ஒவ்வோர் இணைப்பைத் தாண்டும்போதும் ஒருமுறை அளக்க வேண்டும். எந்த இடத்தில் எண் விழுகிறதோ அங்கேதான் கோளாறு. செப்பு லைன் வைத்திருப்பவர்களுக்கும் ஃபைபர் போட்டவர்களுக்கும் முறை ஒன்றுதான்.

எதை அளக்கிறோம்?

வயரைத் தொடுவதற்கு முன் எண்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். "100 எம்பி கனெக்‌ஷன் வாங்கினேன், டவுன்லோடு 11-தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்று என்னிடம் சொல்லாத உறவினர் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. நிறுவனம் விற்பது பிட் கணக்கில்; எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட். கணினி காட்டுவது பைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, நொடிக்கு 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்.

அப்படியானால் 12.5 காட்ட வேண்டாமா? அங்கேதான் உறைச் செலவு வருகிறது. கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் உறைக்கும் எடை உண்டல்லவா, அதுபோல. கணினியை மோடத்தோடு இணைக்கும் லேன் கேபிளில் தரவுப் பொட்டலம் ஒன்று போக, இடைவெளியெல்லாம் சேர்த்து 1538 பைட் அளவுக்கு இடம் பிடிக்கிறது. அதில் உங்கள் கோப்பின் பங்கு 1460 பைட். மீதி முகவரி, சரிபார்ப்பு, இத்யாதி. 100-க்குக் கிட்டத்தட்ட 95-தான் சரக்கு. அதனால் 12.5 என்பது 11.8 ஆகிறது. விண்டோஸ் போன்றவை ஆயிரத்துக்குப் பதில் 1024-ஆல் வகுப்பதால் அதுவே 11.3 என்றுகூடத் தெரியும். 11-க்கு மேல் நிலையாக நின்றால் 100 எம்பிபிஎஸ் முழுசாக வருகிறது என்று அர்த்தம்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: திட்டத்தின் எண்ணை 8-ஆல் வகுத்து, அதில் சுமார் ஐந்து சதவீதம் கழியுங்கள். 1.5 ஜிபி படம் ஒன்றை 100 எம்பிபிஎஸ்ஸில் இறக்க இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேலே ஆகும். பதினைந்து நொடியில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர் பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

ஏடிஎஸ்எல்லில் உறைச் செலவு இன்னும் அதிகம். அங்கே தரவு 53 பைட் அறைகளாகப் போகும். அதில் 48 பைட்தான் சரக்கு. தொடக்கத்திலேயே ஒன்பது சதவீதத்துக்கு மேல் போச்சு. மற்ற தலைப்புகளும் சேர, மோடம் 8 எம்பிபிஎஸ் என்று காட்டும் லைனில் ஸ்பீடு டெஸ்ட் 6.8 பக்கம் வந்தால் அது ஆரோக்கியமான லைன்தான்.

விளம்பரத்தில் "100 எம்பிபிஎஸ் வரை" என்று இருக்கும். அந்த "வரை" இரண்டே எழுத்து. எழுத்தின் அளவும் மற்றதைவிடச் சின்னது. பிராட்பேண்ட் என்ற பெயரை வைத்துக்கொள்ள இந்தியாவில் சட்டப்படி எவ்வளவு வேண்டும் என்பதும் சுவாரசியமானது. 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் அது 256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பிபிஎஸ் அளவு. 2013-இல் 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது.

வயர் வரும் வழி

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு தடித்த கேபிள் கிளம்பும். அதில் நூற்றுக்கணக்கான ஜோடி செப்புக் கம்பிகள். லைன்மேன்கள் ஒவ்வொரு ஜோடியையும் "பேர்" என்பார்கள். அது தெருமுனையில் நிற்கும் இரும்பு பில்லருக்கு வரும். அங்கிருந்து பிரிந்து, வீடுகளுக்கு லைன் பிரித்துக் கொடுக்கும் உங்கள் தெருவின் டிபி பாக்ஸ். டிபி-யிலிருந்து கம்பத்தைத் தொட்டோ மாடியைத் தொட்டோ ஒரு டிராப் வயர் வீட்டு வாசலுக்கு வரும். அது வந்து சேரும் சின்னப் பெட்டிதான் ரோசெட். ரோசெட் வரைக்கும் அவர்கள் பொறுப்பு; அதற்கு உள்ளே வீட்டுக்காரர் பாடு. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

போனுக்கு வேண்டியது இரண்டே கம்பி. உள்ளே நான்கு கம்பி ஓடினாலும், சின்ன போன் பிளக்கில் நடுவில் இருக்கும் இரண்டு பின்தான் வேலை செய்கிறது.

அந்த இரண்டு கம்பியிலும் ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். எடுத்தால் பத்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இவை பெரிய ஆபத்தில்லை. மணியடிக்கும்போது மட்டும் 75 வோல்ட்டும் அதற்கு மேலும் மாறுமின்சாரம் வரும். ஒருமுறை சோம்பேறித்தனமாக வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தார். அதற்கப்புறம் கட்டிங் பிளேயர் இல்லாமல் வயரைத் தொடுவதில்லை. இடி மின்னல் நேரத்தில் பிளேயர் இருந்தாலும் தொடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மோடத்தின் கரண்டு பிளக்கோடு போன் வயரையும் சேர்த்துப் பிடுங்கி வையுங்கள். கரண்டை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் மோடங்கள்தான் அதிகம் கருகியிருக்கின்றன.

முதல் அளவு: வீட்டைக் கழற்றிவிட்டு

ரோசெட்டைத் திறங்கள். ஒரு பக்கம் வெளியிலிருந்து வரும் தடித்த கறுப்பு டிராப் வயர். மறுபக்கம் வீட்டுக்குள் போகும் மெல்லிய வயர். சில வீட்டில் ஒன்று, சில வீட்டில் மூன்று. எது எங்கே மாட்டியிருக்கிறது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளே போகும் வயர்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். இப்போது வீடு லைனிலிருந்து விலகிவிட்டது.

முதலில் காதால் பாருங்கள். கம்பி வைத்த சாதாரண போன் ஒன்றை நேராக ரோசெட்டில் மாட்டி, ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில நொடிகள் அமைதி இருக்கும். அந்த அமைதியில் கரகரப்பு, மழை பெய்வது போன்ற சத்தம், பக்கத்து லைன் பேச்சு ஏதாவது கேட்டால் கோளாறு வெளியில். டிபி-யில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், ஜாயின்ட் பச்சை பிடித்திருக்கலாம். மழை பெய்த மறுநாள் பிராட்பேண்ட் அறுந்து அறுந்து வருவதும் வெயில் ஏறியதும் சரியாவதும் இந்த வகை. அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. ஆனால் புகார் கொடுக்கும்போது "போனிலேயே கரகரப்பு இருக்கிறது" என்று சொல்லுங்கள். "நெட் ஸ்லோ" என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பிறகு மோடத்தை அங்கேயே மாட்டுங்கள், கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக்கொள்ளலாம். லேன் கேபிளால் ஒரு லேப்டாப்பை இணைத்து, பிரௌசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பெரும்பாலான மோடங்கள் இதற்குத் திறக்கும்; முகவரியும் பாஸ்வேர்டும் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். உள்ளே டிஎஸ்எல் நிலை என்றொரு பக்கம் உண்டு. எண்கள் நிறைய இருக்கும், மூன்று போதும்.

சிங்க் வேகம்: மோடமும் எக்ஸ்சேஞ்சும் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்ட வேகம். ஸ்பீடு டெஸ்ட் ஒருநாளும் இதைத் தாண்டாது.

அட்டெனுவேஷன்: வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு, டெசிபலில். 0.4 மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல்லுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் தேயும். எங்கள் வீட்டில் 31 காட்டியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். 30-க்குக் கீழே இருந்தால் அருமை, 40 வரை நல்லது, 50-க்கு மேல் தள்ளாட்டம், 60-ஐத் தாண்டினால் லைன் பிடிப்பதே பெரிது. இந்த எண்ணை யாராலும் குறைக்க முடியாது. கம்பியின் நீளம் அப்படி.

எஸ்என்ஆர் மார்ஜின்: இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தலை தூக்கி நிற்கிறது என்பது. 6-க்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறும். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. வீட்டு வயரைச் சரிசெய்தால் மாறுவது இந்த எண்தான், அதனால் இதையே பாருங்கள்.

மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நேரத்தையும் குறித்து வையுங்கள். வாசலில் வருவதுதான் உங்கள் லைனின் முழுத் தகுதி. இனி உள்ளே போகப் போக இதிலிருந்து எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது அளவு: வயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து

எங்கள் வீட்டில் வாசலில் 8.1 சிங்க், மார்ஜின் 12. உள்வயரை மாட்டி ஹாலில் மோடத்தை வைத்தால் 3.1, மார்ஜின் 4-க்கும் 6-க்கும் இடையே ஊசலாட்டம். கழிபட்டது ஹாலுக்கும் வாசலுக்கும் நடுவே, பத்து மீட்டருக்குள்.

அப்பாவும் நானும் சுவரைத் தட்டித் தட்டி, ஹால் சுவிட்ச் போர்டுக்குக் கீழே காலண்டர் மறைத்திருந்த ஒரு பழைய ஜங்ஷன் பாக்ஸைக் கண்டுபிடித்தோம். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு முறுக்கு. வாசலிலிருந்து வந்த வயர், ஹாலுக்குப் போகும் வயர், மாடிக்குப் போகும் வயர், மூன்றையும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிசுபிசுவென்று இளகியிருந்தது. பிரித்தால் செம்பு தெரியவில்லை. பச்சைப் பொடிதான் உதிர்ந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது உங்க தாத்தா காலத்து வேலைடா" என்றார்.

அங்கே இரண்டு குற்றவாளிகள் இருந்தார்கள். ஒன்று, பச்சை பிடித்த அந்த முறுக்கு. பேச்சுக்கு வேண்டிய அலைவரிசை 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான்; அரைகுறை இணைப்பிலும் அது எப்படியோ புகுந்து போய்விடும். ஏடிஎஸ்எல் அதற்கு மேலே ஓடுகிறது. வீட்டிலிருந்து போவது சுமார் 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை, வீட்டுக்கு வருவது அதிலிருந்து 1104 வரை, அதன் அடுத்த பதிப்பான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2208 வரை. அங்கே இப்படிப்பட்ட இணைப்பு இரைச்சலைத்தான் உற்பத்தி செய்யும். "போன் நல்லாத்தான் பேசுது, நெட்டுதான் வேலை செய்யல" என்பதில் முரண்பாடே இல்லை.

இரண்டாவது குற்றவாளி மாடி வயர். அதன் மறுமுனையில் எதுவுமே மாட்டவில்லையே, சும்மா கிடப்பது என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். சும்மா கிடப்பதுதான் பிரச்சினை. சிக்னல் பிரியும் இடத்தில் ஒரு பங்கு மாடிக்கும் போகும், முனையில் முட்டித் திரும்பி வரும், வந்து அசல் சிக்னலோடு மோதும். செப்புக் கம்பியில் சிக்னல் நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. 2.2 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 90 மீட்டர். வயரின் நீளம் அதில் கால்பங்கு, அதாவது 22, 23 மீட்டர் இருந்தால், போய்த் திரும்புவதற்குள் அலை சரியாகத் தலைகீழாகியிருக்கும். மோதும்போது அந்த அலைவரிசையில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 45 மீட்டர் என்றால் அதே கதை 1.1 மெகாஹெர்ட்ஸில். சுவர் ஏறி, வராந்தா சுற்றி மாடியறைக்குப் போன எங்கள் வயர் இருபது மீட்டருக்கு மேல். இந்தத் தொங்கும் வயரை பிரிட்ஜ் டேப் என்பார்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் சமையலறைக்கு ஒன்று, அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இப்படி இரண்டு மூன்று வால்கள் நிச்சயம் இருக்கும்.

வைத்தியம் எளிது. வாசல் பெட்டியிலிருந்து மோடம் வரை நடுவில் ஜாயின்ட் இல்லாத ஒரே வயர். முறுக்கிய ஜோடி வயராக இருக்க வேண்டும். இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சுற்றியிருந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறிக் கழிந்துபோகும். கடையில் கிடைக்கும் தட்டையான போன் வயரில் அந்த முறுக்கு இல்லை, மேசையில் அரை மீட்டருக்கு ஓகே, சுவர் நெடுக இழுக்க வேண்டாம். லேன் கேபிளில் ஒரு ஜோடியை மட்டும் பயன்படுத்தினால் இன்னும் உத்தமம். டியூப்லைட் சோக், மோட்டார் வயர், இன்வெர்ட்டர் இவற்றை ஒட்டி இழுக்காதீர்கள். 230 வோல்ட் வயர் ஓடும் குழாய்க்குள் போன் வயரை நுழைக்கவே நுழைக்காதீர்கள். வேகத்துக்காக இல்லை, உயிருக்காக.

மற்ற அறைகளுக்கு போன் வேண்டும்தானே? அதற்குத்தான் ஸ்ப்ளிட்டர். அதில் மூன்று வாய்: லைன், மோடம், போன். வாசலிலிருந்து வருவது லைனில், மோடம் மோடத்தில், வீட்டின் அத்தனை போன்களும் அத்தனை வால்களும் போன் வாய்க்கு அந்தப் பக்கம். உயர்ந்த அலைவரிசைகள் அங்கே போகாதபடி ஸ்ப்ளிட்டர் தடுத்துவிடுவதால், அந்தப் பக்கம் எத்தனை பேரலல் இருந்தாலும் பிராட்பேண்டுக்குக் கவலையில்லை. ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் ஒரே ஒரு போன், ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி தனியாக மாட்டியிருந்தாலும் எல்லாம் வீண். போன் வந்தால் நெட் அறுகிறதா? ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் எங்கோ ஒரு போன் ஒளிந்திருக்கிறது, தேடுங்கள்.

ஃபைபர் வந்த பிறகு

அப்பா வீட்டுக்கும் பிறகு ஃபைபர் வந்தது. செப்பின் தூரக் கணக்கெல்லாம் ஒழிந்தது. ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் முறை) என்ற சாதாரண ஃபைபர் ஒன்றில் வீடுகளுக்கு வரும் திசையில் 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது ஆயிரம் எம்பிபிஎஸ்), போகும் திசையில் 1.25 ஜிபிபிஎஸ் ஓடுகிறது; அதைத் தெருவில் 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். தேய்மானக் கணக்கு மட்டும் இங்கேயும் உண்டு. ஃபைபர் வந்து சேரும், மோடம் மாதிரியான வீட்டுப் பெட்டிதான் ஓஎன்டி; அதன் பக்கத்தை பிரௌசரில் திறந்தால் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். மைனஸ் 15 முதல் 24 டிபிஎம் வரை நலம். மைனஸ் 27-ஐத் தாண்டினால் தடுமாற ஆரம்பிக்கும். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள்.

எண் திடீரென மோசமானால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள்: பீரோவை நகர்த்தும்போது ஃபைபர் நசுங்கியிருக்கும், அல்லது மிச்ச நீளத்தை யாராவது கயிறு மாதிரி இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். ஃபைபரை ஒரு டீ டம்ளரின் வாயைவிடச் சின்ன வட்டமாகச் சுற்றாதீர்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

பழைய போன் வயரிங் இங்கே இன்னொரு வழியில் உதவும். ஓஎன்டி-யின் பின்னால் போன் வாய் ஒன்று இருந்தால், அதிலிருந்து ஒரு வயரை வீட்டு வயரிங்கில் கொடுத்தால் எல்லா அறையிலும் பழைய போன்கள் மணியடிக்கும். ஆனால் அதற்கு முன் ரோசெட்டில் வெளி டிராப் வயரைக் கழற்றியே ஆக வேண்டும். ஓஎன்டி தானே ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச், அதுவும் வோல்ட்டேஜ் அனுப்பும். வெளி லைனிலும் கரண்டு இருந்து இரண்டும் முட்டிக்கொண்டால் பெட்டி போய்விடும்.

94 என்ற எண்

ஃபைபர் வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்று உண்டு: 94. 200-க்கோ 300-க்கோ பணம் கட்டியிருக்கிறீர்கள். ஸ்பீடு டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 93, 94, 94. நிறுவனத்தைத் திட்டாதீர்கள். 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பில் உறைச் செலவு போக மிஞ்சுவது அதுதான். உங்கள் வீட்டில் ஏதோ ஓர் இடத்தில் இணைப்பு 100-இல் நிற்கிறது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ரவுட்டரின் வாய் பழைய 100 எம்பி வாயாக இருக்கலாம். எஃப்இ என்று எழுதியிருந்தால் 100, ஜிஇ என்றால் ஆயிரம். சில ஓஎன்டி-களில் ஒரு வாய் மட்டும் ஜிஇ, மற்றவை எஃப்இ. மாற்றிக் குத்தினாலே வேகம் வந்துவிடும். லேப்டாப்பின் வாயே பழையதாக இருக்கலாம். மூன்றாவது, கேபிள். லேன் கேபிளில் நான்கு ஜோடி, எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு அறாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கணினியின் நெட்வொர்க் விவரத்தில் லிங்க் ஸ்பீடு 100 என்று இருக்கிறதா 1000 என்று இருக்கிறதா பாருங்கள், அரை நிமிஷ வேலை.

கேபிள் வாங்கும்போது கேட்5இ அல்லது கேட்6 என்ற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். 100 மீட்டர் வரை ஆயிரம் எம்பிபிஎஸ்ஸைத் தாங்கும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செப்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முனையில் பிளக் போடும் வண்ண வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடியை நீலம் நடுவில் புகுந்து பிரிப்பதைப் பார்த்து, "அடுத்தடுத்து வைத்தால் அழகாக இருக்குமே" என்று மாற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை மாற்றி ஒரு நாள் வீணடித்தேன்.

மாடிக்கு லேன் இழுக்க எங்களுக்கு அந்தப் பழைய பேரலல் வயரே உதவியது. சுவருக்குள் குழாயில் கிடந்தது அல்லவா, அதன் ஒரு முனையில் புதுக் கேபிளையும் ஒரு நைலான் கயிறையும் சேர்த்துக் கட்டி டேப் சுற்றினோம். அப்பா கீழிருந்து தள்ள, நான் மாடியிலிருந்து இழுத்தேன். வளைவில் சிக்கியபோது கொஞ்சம் டால்கம் பவுடர் போட்டோம், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நைலான் கயிறு உள்ளேயே இருக்கட்டும், அடுத்த முறை உதவும்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக

கேபிளில் முழு வேகம் வந்து செல்போனில் மட்டும் குறைந்தால் லைனையோ வயரையோ நோண்டாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் ஆன்டெனா உள்ள பழைய போனுக்கு ஏட்டில் 72 எம்பிபிஎஸ், கைக்கு வருவது 40, 50. தெருவே அதே அலைவரிசையில் கூடுகிறது. ஒன்றோடொன்று முட்டாதவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் வேகம் கூடும், சுவரைத் தாண்டும் சக்தி குறையும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோவின் மேலும் வைக்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் புகார் குறையும்.

டெஸ்ட் எடுப்பதும் புகார் கொடுப்பதும்

டெஸ்ட்டை லேன் கேபிளில் எடுங்கள், வீட்டில் மற்ற எதுவும் ஓடாத நேரத்தில். காலை ஏழு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஒன்று, மூன்று நாள். காலையில் முழு வேகம், இரவில் பாதி என்றால் உங்கள் வயர் நிரபராதி. தெருவே ஒரே நேரத்தில் படம் பார்க்கிறது, நெரிசல் நிறுவனத்தின் பக்கம். எல்லா நேரமும் ஒரே அளவு குறைவு என்றால் மேலே சொன்ன மூட்டுகளில் ஒன்று. மாதக் கடைசியில் மட்டும் குறைந்தால் எஃப்யூபி, அதாவது மாதப் பயன்பாட்டு வரம்பு. "அன்லிமிடெட்" என்று விற்கும் பல திட்டங்களிலும் 3300 ஜிபி போன்ற ஒரு வரம்பு உண்டு, தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள்.

ஏடிஎஸ்எல்காரர்களை ஏமாற்றும் இன்னொன்று: யாராவது ஒருவரின் போன் பின்னணியில் போட்டோக்களை மேகக் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மேலே போகும் பாதை குறுகல். அது அடைத்துக்கொண்டால், இறங்கும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அனுப்ப வேண்டிய "கிடைத்தது" ரசீதும் அதில் சிக்கும், டவுன்லோடும் படுத்துவிடும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய இரவுகளில் எங்கள் வீட்டில் இது தவறாமல் நடக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வாசலிலேயே வேகம் இல்லையென்றால், அப்போது புகார் கொடுங்கள். போனில் சொன்னால் டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்) வாங்காமல் வைக்காதீர்கள். தேதி, நேரம், வாசலில் எடுத்த சிங்க் வேகம், அட்டெனுவேஷன், மார்ஜின், ஃபைபர் என்றால் ஆர்எக்ஸ் பவர், இவற்றை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு படி வைத்திருக்க வேண்டும்: முதலில் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அப்பெலேட் அத்தாரிட்டி என்ற மேல்முறையீடு. இரண்டாவதற்குப் போக முதலாவதின் டாக்கெட் எண் வேண்டும், அதைத்தான் பெரும்பாலோர் குறித்து வைப்பதில்லை. ஆள் வந்ததும் அவரை ஹாலுக்குக் கூட்டிப் போகாமல் ரோசெட்டுக்கோ ஓஎன்டிக்கோ நேராகக் கூட்டிப் போய், தாளைக் கொடுத்து, அவர் மீட்டரிலும் அங்கேயே அளக்கச் சொல்லுங்கள்.